எமிலுக்கு வைத்த கிளாஸ்

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடியில் பாய்மரம் என்றொரு பார் உண்டு, அங்கே சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை ஒரு கிளாஸ் வாங்கினால் இன்னொரு கிளாஸ் சும்மா கொடுப்பார்கள், கேட்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கூடவே பாட்டும் கொடுப்பார்கள், அந்தப் பாட்டைப் பாடுகிறவள் பெயர் அமலோற்பவம். பலகையில் ஹாப்பி அவர் என்று எழுதியிருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது ஒன் பிளஸ் ஒன்தான். முன்பொரு முறை இரண்டு பேர் ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது முதல் கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு, எங்கெங்கோ சுற்றி ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து இரண்டாவதைக் கேட்டு நாற்காலியைத் தூக்கிய நாளிலிருந்து, முதலாளியம்மா மதாம் எவ்லின் ஒரு சட்டம் போட்டிருந்தார்: இரண்டு கிளாஸும் ஒரே தட்டில், ஒரே நேரத்தில் மேசைக்குப் போய்விட வேண்டும். ஜோடியாக வந்தவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. தனியாக வந்தவர்களுக்குத்தான் சங்கடம், தனக்கு முன்னால் ஒரு கிளாஸும் எதிரே ஒரு கிளாஸுமாக உட்கார்ந்திருப்பார்கள், பார்க்கிறவர்கள் கூட வந்தவர் கழிப்பறைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள், இவர்களும் நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அப்படி எதிரே வைத்த கிளாஸ் தானாகக் குறைய ஆரம்பித்தது பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஆறு பத்து. அமலோற்பவம் இரண்டாவது பாட்டின் சரணத்தில் இருந்தாள். மேடை என்பது ஒரு சாண் உயரப் பலகை, அதில் நின்றால் மாடியில் இருக்கும் பதினாறு மேசையும் தெரியும், நான்காவது மேசையில் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற கலியபெருமாள் தன் வழக்கமான பீரை முன்னால் வைத்துக்கொண்டு எதிர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தக் கிளாஸில் பீர் இரண்டு விரல் இறங்கியது, நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு விரல் இறங்கியது. கலியபெருமாள் கையைத் தூக்கி சர்வர் தனவேலுவைக் கூப்பிட்டார்.

"தனவேலு, இதுல யாராவது வாய வச்சாங்களா?"

வீராம்பட்டினத்துக்காரரான தனவேலு இருபத்தாறு வருஷமாக அந்தத் தட்டைத் தூக்குகிறவர், ஒரு சொட்டு குடித்ததில்லை, குடிகாரர்கள் சொல்வதில் எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அவர் குனிந்து கிளாஸைப் பார்த்தார், அவர் பார்க்கும்போதே அது இன்னும் ஒரு வாய் குறைந்து, நுரை மட்டும் ஓரத்தில் ஒட்டி நின்றது.

"என் வீட்டுக்காரி தண்ணி குடிச்சாலும் இப்படித்தான் குடிப்பா. ஒரு வாய் குடிச்சிட்டு கீழ வச்சிட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு, அப்புறந்தான் அடுத்த வாய்" என்றார் கலியபெருமாள். அவர் மனைவி அஞ்சலாட்சி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "அவளுக்கு இது பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது தனவேலு. முப்பத்தோரு வருஷம். ஒரு நாள் ஒரு வாய் குடின்னு கேட்டதில்ல நான்."

தனவேலு தோளில் கிடந்த துண்டால் எதிர் நாற்காலியைத் துடைத்துவிட்டு, "அக்காவுக்குக் கடலை கொண்டாரட்டுமாண்ணே?" என்று கேட்டார். கொண்டுவரச் சொன்னார் கலியபெருமாள். கடலையை யாரும் தொடவில்லை, பீர் மட்டும் ஏழு மணிக்குள் காலியானது.

அந்த வாரத்துக்குள் பத்து மேசைகளில் இது நடந்தது, அடுத்த வாரம் நடக்காத மேசை எது என்று தேட வேண்டியிருந்தது. வந்து குடிப்பது செத்தவர்கள் மட்டும் இல்லை என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கும் முகிலன் என்கிற பையன் தனியாக உட்கார்ந்து அம்மாவை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், எதிரே இருந்த விஸ்கி கடகடவென்று காலியாகிவிட்டது, கால்மணி நேரத்தில் விருத்தாசலத்திலிருந்து அம்மாவின் போன். "விளக்கேத்திட்டு இருந்தேன்டா, தல கிர்ருன்னு சுத்துது, வாயெல்லாம் ஒரு மாதிரியா கசக்குது, பக்கத்து வீட்டு சரோஜா மோந்து பாத்துட்டு என்ன ஒரு மாதிரி பாக்குறா" என்று அந்த அம்மாள் அழுதது பக்கத்து மூன்று மேசைக்குக் கேட்டது. மறுநாளிலிருந்து முகிலன் எதிர் கிளாஸில் பன்னீர் சோடா வைக்கச் சொன்னான். மதாமும் சட்டத்தைத் தளர்த்தி, இரண்டாவது கிளாஸில் எதை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார், அதனால் எதிர் நாற்காலிகளுக்கு முன்னால் ரோஸ் மில்க்கும் மோரும் ஹார்லிக்ஸும் வர ஆரம்பித்தன. கணவன்மார்களின் இரண்டாவது கிளாஸை யார் குடிக்கிறார்கள் என்று பார்க்க மனைவிமார்கள் படியேறி வந்து நின்ற ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு, கல்லாவுக்கு மேல் ஒரு பலகை தொங்கியது: 'எதிர் கிளாஸ் யாருக்கு என்று கேட்பது நாகரிகம் அல்ல.'

லைசென்ஸ் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தார், ஊற்றியது எவ்வளவு, குடித்தவர் யார், கையெழுத்து எங்கே என்று அதட்டினார், மதாம் அவரை ஒரு மேசையில் உட்காரவைத்து இரண்டு கிளாஸ் இளநீர் வைக்கச் சொன்னார். அமலோற்பவம் அப்போது ஒரு தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். எதிர் கிளாஸ் மிக மெதுவாக, சங்கில் புகட்டுவதுபோலச் சொட்டுச் சொட்டாகக் குறைவதை அதிகாரி கடைசிவரை பார்த்தார், யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, பலகை அவருக்கும் சேர்த்துத்தான். எழுந்து போகும்போது, வெயில் காலமென்பதால் ஆவியாகிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முகத்தைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று ஊரில் யாரும் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அமலோற்பவத்துக்குக் காய்ச்சல் வந்து படுத்த இரண்டு நாளும் ஸ்பீக்கரில் பதிவான பாட்டைப் போட்டார்கள், ஒரு கிளாஸும் அசையவில்லை. மூன்றாம் நாள் அவள் குளிக்காத தலையோடு வந்து நின்று மைக்கைத் தொட்டதும் எல்லாக் கிளாஸும் இறங்கின. ஆக, ஆள் நின்று பாட வேண்டும். இது தெரிந்ததும் ஊரில் இருந்த மற்ற பார்களெல்லாம் பாடுகிறவர்களைத் தேடி அலைந்தன, முகூர்த்த மாதங்களில் மட்டும் சோறு பார்த்த மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு வருஷம் முழுக்க வேலை வந்தது, கோயில் பாடகர் குழுவில் இருந்தவர்கள் ஆறு மணிக்குப் பூசையும் ஏழு மணிக்குப் பாருமாக ஓடினார்கள், முத்தியால்பேட்டையில் ஒரு பாரில் ஓய்வுபெற்ற தமிழ் ஐயா ஒருவர் பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டைப் பாட, பீர் குடிக்க வந்தவர்கள் எழுந்து நின்று குடித்தார்கள். ஆனால் பாய்மரத்தில் இறங்குவதுபோல் வேறெங்கும் இறங்குவதில்லை என்றுதான் பேச்சு. பிரிந்தவர்களைக் கூட்டிவருகிற தொண்டை அது என்று அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், அவளும் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தாள்.

அவளுடைய எதிர் கிளாஸ் மட்டும் அசையவே இல்லை.

மேடையை ஒட்டி ஒரு சின்ன மேசை உண்டு, பாடுகிறவர்களுக்கு. அதில் தினமும் தனவேலு இரண்டு கிளாஸ் ரம் வைப்பார், ஒன்று அமலோற்பவம் பாட்டெல்லாம் முடிந்தபின் வீட்டுக்குப் போகும்முன் குடிப்பது, இன்னொன்று அவள் தம்பி எமிலுக்கு. எமில் அவளைவிட நான்கு வயது சின்னவன், பத்தொன்பது வருஷம் அதே பலகையில் அவள் வலதுபக்கம் உட்கார்ந்து கிதார் வாசித்தவன், அவள் மூச்சு எங்கே முடியும் என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவளுக்குச் சளி. அரைக் கட்டை இறக்கி வாசி என்று படியேறும்போதே சொல்லியிருந்தாள். அவன் மறந்துபோய்ப் பழைய சுருதியிலேயே ஆரம்பித்துவிட்டான், சரணத்தின் உச்சியில் அவள் குரல் பிளந்தது, மாடி முழுக்க நிமிர்ந்து பார்த்தது. அவமானத்தில் அவள் மைக்கை நெஞ்சுக்கு இறக்கிவிட்டு அவன் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். மைக்கை இறக்கினால் போதாது, பொத்தானை அணைக்க வேண்டும் என்பது மேடை ஏறிய முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. இருபது வருஷம் மைக் பிடித்தவளுக்கு அது கையில் இருப்பதே மறந்துபோகும், அதனால் அந்தத் தவறைப் புதிதாக வந்தவர்கள் செய்வதில்லை, அவளைப் போன்றவர்கள்தான் செய்வார்கள்.

"ஓசிக் கிளாஸுக்கு வாசிக்கிறவனுக்குக் கட்டை எங்க ஞாபகம் இருக்கும்."

இரண்டு ஸ்பீக்கரிலும் அது கேட்டது, எக்கோ வேறு போட்டிருந்தார்கள், 'ஞாபகம் இருக்கும், இருக்கும்' என்று தேய்ந்து தேய்ந்து கேட்டது. மாடியே சிரித்தது. எமில் அரைக் கட்டை இறக்கி, அந்தப் பாட்டை ஒரு பிசிறு இல்லாமல் கடைசிவரை வாசித்தான், கிதாரை உறையில் போட்டான், படி இறங்கிப் போனான். அன்றிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவல் இல்லை. கப்பலில் வாசிக்கிறான் என்றார்கள், கோவாவில் பார்த்ததாகச் சொன்னார்கள், ரெயூனியன் தீவுக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சத்தியம் செய்தார். அமலோற்பவம் எல்லாவற்றையும் நம்பினாள்.

அதனால்தான் எதிர் கிளாஸ்கள் குறைய ஆரம்பித்ததும் ஊரில் யாரையும்விட அவளுக்கு ஆசை அதிகம். அவன் செத்திருந்தாலும் வந்து குடிக்கலாம், உயிரோடிருந்தாலும் இருந்த இடத்திலிருந்து குடிக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. ரம்மை விட்டிருப்பான் என்று பீர் வைத்துப் பார்த்தாள், எலுமிச்சை ஜூஸ் வைத்துப் பார்த்தாள், சின்ன வயதில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு குடித்த கோலி சோடாவைத் தேடிப் பிடித்து வாங்கிவந்து அந்த இரண்டாவது கிளாஸில் ஊற்றி வைத்துப் பார்த்தாள். பாடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள், சுற்றிலும் பதினைந்து மேசையில் யார் யாரோ யார் யாருடனோ குடித்துக்கொண்டிருப்பார்கள், அவள் குரல் கூட்டிவந்தவர்கள்தான் எல்லோரும், தன் மேசையில் மட்டும் ஐஸ் உருகும். ஐஸ் உருகினால் மட்டம் ஏறினதுபோல் இருக்கும். அது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அக்கா என்கிற நினைப்பே அவனுக்கு அற்றுப்போய்விட்டதா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மற்றவர்கள் நாகரிகமானவர்கள், அந்த மேசைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஆனி மாதம் முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, எமிலின் கிளாஸ் குறைந்தது.

அமலோற்பவம் சரணத்தின் உச்சியில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். மூடித் திறந்தபோது ஒரு விரல் குறைந்திருந்தது. அடுத்த பாட்டில் இன்னொரு விரல். அன்றைக்கு அவள் பாடிய பாட்டை மாடியில் இருந்தவர்கள் பின்னாளில் பேத்திகளுக்குச் சொல்வார்கள் என்று சொல்லலாம், அப்படிப் பாடினாள். மறுநாளும் குறைந்தது. மூன்றாம் நாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், நான்காம் நாள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள், கீபோர்டு வாசிக்கிற நிர்மலிடம், "தம்பி, எமிலு குடிக்கிறான்டா. கோவம் போயிருச்சு அவனுக்கு" என்று தினமும் ஒரு முறை புதிதாகச் சொல்வதுபோல் சொன்னாள். நிர்மல் தலையைக் குனிந்துகொண்டு கட்டைகளைத் துடைத்தான். கலியபெருமாள் தன் எதிர் நாற்காலியிடம் ஏதோ முணுமுணுத்தார். அந்த நாட்களில்தான் தனவேலுவுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குப் புரியாமல் இருந்தது, ஏழாவது மேசைக்குப் போக வேண்டிய மீன் வறுவலைத் தென்னங்கீற்றுத் தட்டிக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிடுங்க என்றார், ஒரு நாள் மதாம் எவ்லினை அம்மா என்று கூப்பிட்டு அவர் தோளில் சாய்ந்து அழுதார்.

ஒன்பதாம் நாள், கண்ணை மூடி அவள் உச்சிக்குப் போகும்போது கரண்ட் போனது. கீபோர்டு நின்றது, மைக் நின்றது, அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். இன்னும் சூரியன் இருந்தது, எல்லாம் நன்றாகத் தெரிந்தது. சின்ன மேசைக்குப் பக்கத்தில் தனவேலு ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எமிலின் கிளாஸை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மாடியைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை, எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது தெரிந்தது. அவள் பலகையிலிருந்து இறங்கி வந்து தனவேலுவின் கையிலிருந்து கிளாஸை வாங்கி மேசையில் வைத்தாள்.

"எத்தனை நாளாண்ணே?"

"ஒம்பது நாளாம்மா."

"வாடையே ஆகாதே உங்களுக்கு. எப்படிண்ணே குடிச்சீங்க?"

"மூக்கப் புடிச்சிக்கிட்டுத்தான்" என்றார் தனவேலு, நாற்காலியில் உட்கார்ந்தார், இருபத்தாறு வருஷத்தில் அந்த மாடியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "நான் அன்னிக்கு இங்கதான் நின்னேன் அமலு. இதே எடம். தட்டோட நின்னேன். நீ சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்கல்ல, நாந்தான் மொதல்ல சிரிச்சேன். புள்ள என்னைத்தான் பாத்தான். குடிக்காதவன் நீயுமா சிரிக்கிறன்னு பாத்தான். மூணு வருஷமா எனக்கு அந்தப் பார்வைதான். நீ தெனமும் அந்தக் கிளாஸப் பாத்துட்டுப் பாடுறத எத்தனை நாள் நான் பாக்குறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷன் ஒன்பது நாள் ரம் குடித்ததை நினைத்தால் யாருக்கும் வரும், சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தனவேலு கிளாஸைக் காட்டி, நாக்குக் குழற, மெதுவாகச் சொன்னார்.

"இதுவும் ஒன் பிளஸ் ஒன்ல சும்மா வர்றதுதானம்மா. ஓசிதான. அவன் எப்படிக் குடிப்பான்?"

அமலோற்பவம் அதை யோசிக்கவே இல்லை. மூன்று மாதமாக, தினமும், எந்த வார்த்தையைச் சொல்லி அவனைத் துரத்தினாளோ அதையே ஒரு கிளாஸில் ஊற்றி ஐஸ் போட்டு அவனுக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

கரண்ட் வந்தது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பலகையில் ஏறினாள், பொத்தானைப் போட்டாள், விரலால் தட்டிப் பார்த்தாள், எக்கோவை எடுக்கச் சொன்னாள்.

"எமிலு, அக்கா பேசுறேன்" என்றாள். "அன்னிக்கு எனக்குச் சளி. உன் மேல தப்பு இருந்தது, இல்லன்னு சொல்லல. அரைக் கட்டைத் தப்பு. அதுக்கு நான் ஓசிக் கிளாஸுக்கு வாசிக்கிறவன்னு ஊரு கேக்கச் சொன்னேன். நீ குடிச்சது உன் காசுலடா. நான் பாடுனதுதான் ஓசி. என் மூச்சு முடியிற எடத்துல எல்லாம் நீ வாசிச்சு மூடுன, நான் நல்லாப் பாடுறேன்னு பேரு வாங்கிட்டேன். இத உன் காதுல மட்டும் சொன்னா பத்தாது. அன்னிக்கு எல்லாருக்கும் கேட்டுச்சு, அதனால இன்னிக்கும் எல்லாரும் கேக்கட்டும். என்ன மன்னிச்சிரு."

தனவேலு தள்ளாடி எழுந்து வந்து மைக்கை வாங்கி, "நானும் சிரிச்சேன் எமிலு" என்று சொல்லிவிட்டு, மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கலியபெருமாள் வந்தார், "நானும் சிரிச்சேன் தம்பி, என் வீட்டுக்காரி அதுக்கு இப்பத்தான் என்னைத் திட்டுனா" என்றார். அப்படி ஒவ்வொருவராக, மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் பதினோரு பேர், வரிசையில் நின்று, மைக்கில் வந்து சிரித்தேன் சிரித்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அன்றைக்கு அங்கே இல்லாத முகிலன்கூட வரிசையில் நின்றான், இருந்திருந்தால் சிரித்திருப்பேன் என்றான். மதாம் எவ்லின் கடைசியாக வந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னார், அது நீளமாக இருந்தது, யாருக்கும் புரியவில்லை, அவர் குரல் மட்டும் உடைந்தது.

பிறகு எல்லோரும் சின்ன மேசையைப் பார்த்தார்கள். அமலோற்பவம் தன் பணத்தில் தனியாக ஒரு கிளாஸ் வாங்கி, இலவசக் கிளாஸை எடுத்துவிட்டு அங்கே வைத்தாள். ஏழு மணிவரை பாடினாள். ஐஸ் உருகி ரம் வெளுத்தது. ஒரு சொட்டும் குறையவில்லை.

"இனி வைக்க வேணாம்ணே" என்று மறுநாள் தனவேலுவிடம் சொன்னாள். "அவன் குடிக்கலன்னா குடிக்கல. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள், அவளுக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை, வலித்தது, தினமும் ஐந்து மணிக்குப் படியேறும்போது வலித்தது, கையில் மைக் வந்ததும் வேலை என்று ஒன்று இருப்பதால் பாடினாள். ஆனாலும் ஒரு மாற்றம் இருந்தது. ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால், பாடும்போது அவள் பாட்டில் மட்டும் இருந்தாள், அந்த நாட்களில் எதிர் கிளாஸ்கள் சீக்கிரமாகவே காலியாயின, சில மேசைகளில் மூன்றாவதும் கேட்டார்கள். அஞ்சலாட்சி பீரிலிருந்து ஒயினுக்கு மாறிவிட்டதாகக் கலியபெருமாள் ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். தனவேலு மறுபடி ஒரு சொட்டும் தொடவில்லை, ரம் பாட்டிலைத் திறக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடி பிறந்து ஒரு வியாழக்கிழமை, மணி ஆறு இருபது. மூன்றாவது பாட்டு. சரணத்தின் உச்சிக்கு ஏறுவதற்கு அவள் மூச்சை இழுத்தபோது வாய்க்குள் சூடாக ஏதோ வந்தது.

எச்சில் என்று நினைத்து விழுங்கினாள். விழுங்கிய பிறகு தொண்டையில் காரம் நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாய் வந்தது, இந்த முறை நாக்குக்குத் தெரிந்தது. பால் இல்லாத டீ, பனைவெல்லம், தட்டிப் போட்ட மிளகு. உலகத்தில் எந்த டீக்கடையிலும் அப்படிப் போட்டுத் தரமாட்டார்கள், நின்று சொல்லி, கடைக்காரன் முறைத்தாலும் மறுபடி சொல்லி, மிளகைச் சட்டைப்பையிலிருந்து தானே எடுத்துக் கொடுத்து வாங்க வேண்டும். கச்சேரிக்குப் போகிற ஊரிலெல்லாம் அப்படி வாங்கியவன் ஒருவன்தான். பாடுகிறவங்களுக்குப் பால் ஆகாது, கோழை கட்டும் என்பான், தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அக்காவுக்கு இப்படி என்று அவளுக்குத்தான் முதலில் சொல்வான்.

அவள் நின்றுவிட்டாள். செத்தவர்கள் இந்த ஊரில் வந்து நிறையக் குடித்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட யாருக்கும் வாங்கி வைத்ததில்லை. எங்கேயோ ஒரு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கிறான், எதிரே ஒரு டீ வைத்திருக்கிறான், பக்கத்தில் யாரோ பாடுகிறார்கள், இல்லை அவனே மடியில் கிதாரை வைத்து வாசிக்கிறான், வாசித்துக்கொண்டே அந்தக் கிளாஸைப் பார்க்கிறான், அது குறையாமல் இருந்துவிடுமோ என்று பயந்துபோய்ப் பார்க்கிறான். எத்தனை நாளாக வைத்துப் பார்க்கிறானோ. அந்தப் பயம் அவளுக்குத் தெரியும்.

நிர்மல் பாட்டை விடாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். கையில் கிளாஸ் இல்லாமல் நின்றுகொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்க, தொண்டை ஏறி இறங்க, அமலோற்பவம் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைத் தனவேலு பார்த்தார், கையிலிருந்த தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார்.

"என்னக்கா, கட்டை இறக்கட்டுமா?" என்று கேட்டான் நிர்மல்.

"இருடா தம்பி" என்றாள், மைக் போட்டபடியே இருந்தது, எல்லோருக்கும் கேட்டது. "ஆறிடும். குடிச்சிட்டுப் பாடுறேன்."